வரப்புக்குக் கீழே ஒரு வீடு

1

ஆனி பிறந்து மழை பிடித்துவிட்டது. போன வருஷம் இதே மழையில்தான் எங்கள் தோட்டத்தில் மண் சரிந்தது. காவேரிக்கரையில் உட்கார்ந்து இதை வாசிக்கிறவர்களுக்கு அது என்னவென்று புரியவைப்பது கஷ்டம். நம் ஊரில் கரை உடையும், வெள்ளம் வரும், வயல் மூழ்கும். ஆனால் நிலம் இருந்த இடத்தில்தான் இருக்கும். தண்ணீர் வடிந்தபிறகு போய்ப் பார்த்தால் நம் வரப்பு எது, பக்கத்து வரப்பு எது என்று அடையாளம் சொல்லிவிடலாம். இங்கே நிலமே எழுந்து போய் இன்னொருவர் வயலில் படுத்துக்கொள்கிறது.

நான் கொத்மலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பள்ளிக்கூடம் நடத்துகிறேன். திருச்சியில் மிஷன் பள்ளியில் படித்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, கல்யாணமானதும் கணவரோடு இலங்கைக்கு வந்தவள். அவர் லால்குடிக்காரர். இந்தத் தோட்டத்தில் கண்டாக்கு. துரைக்கும் தொழிலாளருக்கும் நடுவில் நின்று, இன்று எந்த மலையில் கொழுந்தெடுப்பது, எங்கே கான் வெட்டுவது என்று பார்க்கிற உத்தியோகம். கான் என்பது மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாதபடி சரிவின் குறுக்கே வெட்டிவிடும் வாய்க்கால். எங்களுக்கு ஒரே மகள், லில்லி. பதினேழு வயது. தலவாக்கலைக்கு பஸ்ஸில் போய்ப் படிக்கிறாள்.

தகரக்கூரையில் மழை விழுந்தால் போன வருஷத்திலிருந்து எனக்குக் கை ஓடுவதில்லை. கரும்பலகையில் பாதி எழுத்தில் சாக்கட்டி நின்றுவிடும். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குத் தெரியும். அவர்கள் வீடுகளிலும் அப்படித்தான் இருக்கும்.

2

ஊருக்கு வந்திருந்தபோது என் அண்ணி கேட்டாள்: “மலை பூரா பச்சைப் பசேல்னு இருக்குன்னு எழுதுறியே, அப்புறம் அரிசிக்கு எதுக்கு வரிசையில நிக்கிறீங்க?”

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது பதில் சொல்கிறேன். அந்தப் பச்சையைத் தின்ன முடியாது அண்ணி. எங்கள் மலையில் விளைவது கப்பலேறிப் போகிறது. அதற்கு ஈடாக வேறொரு கப்பலில் பர்மா அரிசி வருகிறது. கொழும்பில் இறங்கி, ரயிலேறி, லாரியேறி, கடைசியில் ரேஷன் கூப்பனுக்கு அளக்கிற கிடங்குக்கு வந்து சேருகிறது. எங்கோ கண்காணாத ஏலத்தில் தேயிலை விலை இறங்கினால், இங்கே லயத்தில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், கஞ்சி தண்ணீராகும். கண்ணெதிரே மண்ணும் தண்ணீரும் இருக்க, சோறு மட்டும் கடல்தாண்டி வரவேண்டும் என்பது டெல்டாக்காரர் புத்திக்கு ஏறாத ஏற்பாடு. என் கணவருக்கு இருபது வருஷமாகியும் ஏறவில்லை.

கூப்பன் அரிசியைக் குறைத்த வருஷத்தில் அவர் வயல் கட்டினார்.

லயங்களுக்குக் கீழே கல்லும் புதருமாக ஒரு சரிவு. தேயிலைக்கு ஆகாத இடம் என்று தோட்டம் விட்டுவைத்தது. லயத்துச் சனங்கள் அங்கே போஞ்சி என்கிற பீன்ஸும் முட்டைக்கோசும் போட்டிருந்தார்கள். பக்கத்திலேயே ஒரு கான். கோடையிலும் அதில் விரல் பருமனுக்குத் தண்ணீர் ஓடும். ஓடுகிற தண்ணீரைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க லால்குடிக்காரரால் முடியுமா? கல்லும் களிமண்ணும் வைத்துக் கானை அடைத்தார். சரிவை மூன்று படியாக வெட்டிச் சமப்படுத்தினார். ஒவ்வொரு படிக்கும் வரப்பு போட்டுத் தண்ணீரைத் தேக்கினார். வேலை முடிந்து வந்து, ஞாயிற்றுக்கிழமையில் கோயில் பூசை முடிந்து வந்து, இடுப்பொடிய வெட்டினார்.

எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றும் மூக்காயி கொழுந்துக் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தாள்.

“என்னங்கய்யா, மலைக்குப் படிக்கட்டு கட்டுறீங்க? சாமி எறங்கி வரவா?”

“சோறு எறங்கி வர, மூக்காயி.”

“அது நல்லாயிருக்கே. அப்ப எங்க வாசலுக்கும் ரெண்டு படி போட்டு வைங்க.”

குளிரில் நெல் மெதுவாகத்தான் வளர்ந்தது. நம் ஊரில் அறுவடை முடிந்து உளுந்து தெளித்திருப்பார்கள். இங்கே அப்போதுதான் தொண்டைக்கதிர், கதிர் வெளியே வரவேயில்லை. ஆனாலும் விளைந்தது. அந்தப் புத்தரிசியை லயத்தில் ஒரு வீடு விடாமல் கைப்பிடி கைப்பிடியாகக் கொடுத்தோம். என் கணவருக்கு அது எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தான் நட்ட நெல்லின் சோறு. மூக்காயி தேங்காய் உடைத்தாள். அவர் ஜெபம் சொன்னார். அடுத்த வருஷம் அந்தச் சரிவு முழுக்கப் படிகள் வந்துவிட்டன. லயத்துச் சனங்களும் மூன்று தலைமுறைக்கு முன் திருச்சி, மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தானே. யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எல்லோர் கையும் தானாகவே வரப்பு போட்டது.

3

அந்தச் சரிவுக்குக் கீழே வண்டிப்பாதை. அதற்கும் கீழே சிங்களக் கிராமம். லயத்தில் அதை ‘நாடு’ என்பார்கள். பாதைக்கு அடுத்ததாக முதலில் இருப்பது பொடி மெனிக்கேயின் வீடு. மண்சுவர், ஓட்டுக்கூரை, ஒரு பலாமரம். வீட்டைத் தாண்டி அவர்களுடைய வயல்கள் படிப்படியாக ஓயா என்கிற ஆறு வரைக்கும் இறங்கும். அந்த வீட்டில் பொடி மெனிக்கே, அவள் புருஷன் டிக்கிரி, அவனுடைய வயதான தாய், ஒரு சின்னப் பிள்ளை.

லில்லிக்கு அந்த வீட்டில் பழக்கம் பஸ்ஸுக்குக் காத்திருப்பதில் ஆரம்பித்தது. மழைக்கு ஒதுங்கப் போனவள், பிறகு மழையில்லாமலும் போனாள். பொடி மெனிக்கேயை ‘நெந்தே’ என்று கூப்பிடுகிறாள். சிங்களத்தில் அத்தை என்று அர்த்தம். லால்குடியில் இருக்கிற சொந்த அத்தையை அவள் ஒருமுறைகூட வாய்நிறைய அத்தை என்று கூப்பிட்டதில்லை. ஊருக்கு வந்தபோது “அவங்க” என்றே பேசினாள். என் நாத்தனார் அதை இன்னும் மறக்கவில்லை.

நாங்கள் இங்கே இருப்பதற்கு அவ்வப்போது அனுமதியைப் புதுப்பிக்கவேண்டும். போன தடவை மூவரும் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த குமாஸ்தா சிங்களத்தில், உங்கள் ஊர் எது என்று கேட்டார். என் கணவர் “லால்குடி” என்றார். அதே நேரத்தில் நான் தோட்டத்தின் பேரைச் சொன்னேன். லில்லி “கொத்மலை” என்றாள். குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“ஒரே வீட்டுக்காரங்கதானே நீங்க?” என்று தமிழிலேயே கேட்டார்.

அவர் கேலியாகச் சொல்லவில்லை. எதை எழுதுவது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

4

போன வருஷம் சரிந்தது கிழக்குப் பக்கத்துப் படிகள். லயத்துச் சனங்கள் கட்டியவை. விடாமல் பெய்துகொண்டிருந்தது. மத்தியானம் பிள்ளைகளுக்கு மனக்கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். ரயில் வண்டி தூரத்தில் போவதுபோல ஒரு சத்தம். எங்கள் தோட்டத்துக்கு ரயில் கேட்காது. வெளியே ஓடி வந்து பார்த்தால் சரிவின் ஒரு பக்கம் சிவப்பாக இருந்தது. நெல், போஞ்சி, வரப்பு, வண்டிப்பாதை எதுவும் இல்லை. சிவப்பு மண் மட்டும்.

லில்லி பஸ்ஸிலிருந்து இறங்கி அந்தப் பாதையில் வரும் நேரம் அது.

அந்த மத்தியானத்தை நான் எழுதமாட்டேன். பெற்றவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சாயங்காலம் அவளைக் கண்டுபிடித்தோம். பொடி மெனிக்கேயின் மாட்டுக்கொட்டிலை மண் மூடியிருந்தது. உள்ளே அவர்களுடைய உழவு எருமை. டிக்கிரியும் அக்கம்பக்கத்தாரும் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு நின்று லில்லியும் கையால் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தாள். தலையிலிருந்து கால்வரை சிவப்பு. அவள் கண்ணைப் பார்த்துத்தான் அவளென்று தெரிந்துகொண்டேன். எருமை செத்துப்போயிருந்தது. அவர்களுடைய மேல்வயல் இரண்டும் மண்ணுக்கடியில்.

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என்னை விலக்கிவிட்டுத் திரும்பவும் அள்ளப் போனாள்.

5

பிறகு ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

துரை வந்தார். தேயிலை மலையில் கான்களெல்லாம் ஒழுங்காக இருக்கின்றன, சரிந்தது தேயிலை இல்லை என்றார். உண்மை. பாதைக்குப் பொறுப்பான ஆள் வந்தார். பாதையை விரைவில் திறந்துவிடலாம் என்றார். திறந்தார்கள். வயலுக்குப் பொறுப்பான அதிகாரி வந்து, மூடிப்போன வயல் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு போனார். காட்டுக்குப் பொறுப்பானவர், மலையுச்சியில் கிராமத்தார் காட்டை வெட்டி எரித்துச் ‘சேனை’ என்கிற புனப்பயிர் போட்டதுதான் எல்லாவற்றுக்கும் மூலகாரணம் என்றார். அதிலும் உண்மை இருந்தது. அவரவர் தங்கள் துண்டைப் பார்த்தார்கள். மழைத்தண்ணீர் மட்டும்தான் எல்லாத் துண்டையும் தொட்டுக்கொண்டு போகிறது. அதற்குப் பொறுப்பான அதிகாரி எங்கும் இல்லை.

ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் இல்லாத வகுப்பறையில் நானும் லில்லியும் இருந்தோம். அவள் கரும்பலகையில் மலையை வரைந்தாள். உச்சியில் காடு, அதற்குக் கீழே தேயிலை, லயம், படிவயல், பாதை, மெனிக்கேயின் வீடு, நாட்டு வயல், ஓயா.

“உச்சியில காட்டை வெட்டினதாலதானே தண்ணி இப்படி அடிச்சுக்கிட்டு வருது” என்றேன் நான்.

“சரி. அவங்க ஏன் அவ்வளவு மேல போய் வெட்டினாங்க?”

“வயல்ல வெளைச்சல் இல்லன்னு.”

“ஏன் இல்ல?”

“வருஷா வருஷம் மண் எறங்கி வயலு மேடாகிப் போச்சு. அதான் மெனிக்கே சொன்னாளே.”

“எங்கேருந்து மண்ணு?”

அவள் சாக்கட்டியை லயத்துக்குக் கீழே, முன்பு காய்கறிப் பாத்தி இருந்த இடத்தில் வைத்தாள். அங்கிருந்து லயத்துக்கு ஒரு கோடு. லயத்திலிருந்து கூப்பன் அரிசிக்கு. அரிசியிலிருந்து கப்பலுக்கு. கப்பலிலிருந்து தேயிலைக்கு. நல்ல தட்டையான இடமெல்லாம் தேயிலை எடுத்துக்கொண்டதால்தானே சனங்கள் சரிவுக்கு வந்தார்கள். உச்சியிலிருந்து அடித்து வருகிற தண்ணீர் எங்கள் கானில் நிறைந்து ஓட, அதைக் கண்டுதானே அவள் அப்பா வயல் கட்டினார். கோடு சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்தது. எனக்குத் தலை சுற்றியது. இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறவள் நான். காரணம் ஒரு பக்கம், விளைவு ஒரு பக்கம் என்று கோடு கிழித்தே பழகியவள். இதில் எங்கே விரல் வைத்து ‘இதுதான் ஆரம்பம்’ என்று சொல்வேன்? ஒவ்வொருவரும் தங்கள் பசிக்குச் சரியானதைத்தான் செய்திருக்கிறார்கள். எல்லாச் சரியும் சேர்ந்து ஒரு வீட்டின் தலைமேல் நிற்கின்றன.

“யாரும்மா மொதல்லன்னு தேடாதீங்க” என்றாள் லில்லி. “துரையை நாம மாத்த முடியாது. கப்பலை மாத்த முடியாது. இந்த இடத்துல மட்டும் நம்ம கை எட்டும்.”

அவள் காட்டிய இடம் அவள் அப்பாவின் மூன்று படிவயல். சரியாக மெனிக்கேயின் வீட்டுக்கு நேர் மேலே அவை நின்றன. போன வருஷம் அவை சரியவில்லை.

அதுதான் வினையாகிப்போனது. “என் வரப்பு நிக்கலையா?” என்று என் கணவர் எல்லோரிடமும் கேட்டார். “கெழக்க கட்டினது அரைகுறை வேலை. வரப்புன்னா வரப்பு மாதிரி இருக்கணும்.” மழை விட்டதும் அவர் வரப்புகளை இன்னும் அகலமாக்கினார். புல்கரணை வைத்து, மிதித்து, மெழுகி, ஒரு சொட்டுக் கசிவு இல்லாமல் அடைத்தார். நம் ஊரில் நல்ல குடியானவன் அதைத்தான் செய்வான். அங்கே வரப்பு எவ்வளவு பலமோ அவ்வளவு பத்திரம். இங்கே வரப்பு எவ்வளவு பலமோ அவ்வளவு தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறது. வெளியே போக வழியில்லாத தண்ணீர் அடியில் போய்ப் பாறைமேல் வழுக்குகிறது. இது எங்கள் யாருடைய கைக்கும் தெரியாது. தலைக்குத் தெரிந்தாலும் கை நம்பாது.

லில்லி சொல்லிப் பார்த்தாள். அவர் சிரித்தார். “தண்ணி கட்டுறதுக்கு எனக்குப் பாடமா?” என்றார். பிறகு நானும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. ‘நீயுமா’ என்கிற மாதிரி இருந்தது. இந்த நாட்டில் எங்கே போனாலும் இவர் தற்காலிகம். அந்த மூன்று படியில் நிற்கும்போது மட்டும்தான் அவர் யாருடைய அனுமதியும் இல்லாமல் நின்றார். அதை நான் அறிவேன். அதனால் அதற்குமேல் பேசவில்லை.

6

இந்த ஆனியில் நெல் பால் பிடித்திருந்தது. கதிர் தலை சாய ஆரம்பித்த நேரத்தில் மழை வந்தது. போன புதன்கிழமை லில்லி பள்ளிக்கூடம் போகிற வழியில் திரும்பி வந்தாள். மெனிக்கேயின் வீட்டுக்குப் பின்னால், எங்கள் கடைசி வரப்புக்குக் கீழே, மண்ணில் வெடிப்பு ஒன்று ஓடுகிறது என்றாள். கை நுழைகிற அகலம்.

“கோடை வெடிப்பா இருக்கும்” என்றார் அவர்.

“மழையிலயாப்பா கோடை வெடிப்பு?”

“இன்னும் கொஞ்ச நாள். கதிர் முத்தட்டும். அறுத்துட்டு நானே தெறந்துவிடுறேன்.”

“அதுக்குள்ள எறங்கிட்டா?”

“பால் பிடிச்ச வயல்ல வரப்ப வெட்டச் சொல்றியா? நம்ம வம்சத்துல எவனும் செஞ்சதில்ல.”

லில்லி புத்தகப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். பஸ்ஸுக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மூக்காயி மழையில் நனைந்துகொண்டே பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள்.

“டீச்சரம்மா, பாப்பா நாட்டுல மெனிக்கே வீட்டுல உக்காந்திருக்கு. ஐயா வரப்ப வெட்டுற வரைக்கும் மேல வரமாட்டேன்னு சொல்லச் சொல்லிச்சு. நான் கூப்பிட்டுப் பாத்தேன், வரல. கையைப் பிடிச்சு இழுத்தேன், ‘அக்கா, நீங்களும் உக்காருங்க’ன்னுது.”

பிள்ளைகளை மூக்காயியிடம் விட்டுவிட்டுச் செருப்பில்லாமல் ஓடினேன். அவர் வயல்மேட்டில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது. அடுத்த நிமிஷம் கோபம் வந்தது.

“மெரட்டுறாளா என்னை? பெத்த அப்பனை? போய் இழுத்துட்டு வா அவளை.”

“வரமாட்டா.”

“அப்ப நான் போறேன். முடியைப் பிடிச்சு...”

“என்னங்க” என்றேன். “அவ ஒண்ணும் செய்யல. ஒரு வீட்டுல போய் உக்காந்திருக்கா. அந்த வீட்டுல ஏற்கெனவே நாலு பேர் உக்காந்திருக்காங்க. போன வருஷத்துலேர்ந்து உக்காந்திருக்காங்க. நமக்கு இப்பத்தான் ஈரக்குலை நடுங்குது.”

அவர் என்னையே பார்த்தார். மழை அவர் மீசையில் வழிந்தது. நான் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். அவர் திட்டவில்லை. கதிரைப் பார்த்தார். குனிந்து ஒன்றைப் பிடித்து நசுக்கினார். விரலில் வெள்ளையாகப் பால் வந்தது. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“மம்பட்டியக் கொண்டா” என்றார்.

வெட்டுவதிலும் அவர் குடியானவர்தான். எடுத்தவுடன் வரப்பில் கை வைக்கவில்லை. அப்படி வெட்டியிருந்தால் அவ்வளவு தண்ணீரும் நேராக மெனிக்கேயின் கூரையில் விழுந்திருக்கும். முதலில் கானை அடைத்திருந்த கல்லைப் பிரித்தார். லயத்து ஆட்கள் சிலர் தாங்களாகவே இறங்கி வந்து கை கொடுத்தார்கள். கான் திறந்து, தண்ணீர் பழைய வழியில் ஓயாப் பக்கம் திரும்பிய பிறகு, மேல்படியில் கான் பக்கமாக ஒரு வாய் வெட்டினார். அது வடிந்தபிறகு நடுப்படி. பிறகு கீழ்ப்படி. ஒவ்வொரு வெட்டுக்கும் ‘ஹக்’ என்று அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. களைப்பினால் வந்த சத்தமாக எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் இழுத்த இழுப்பில் ஒரு பக்கத்து நெல் வேரோடு சாய்ந்தது. லயத்துப் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

“அறுத்து மாட்டுக்காவது போடலாமுங்களா?” என்று ஒருவன் மெதுவாகக் கேட்டான்.

“போடு” என்றார். “யாருக்காவது ஆகட்டும்.”

மற்றவர்களும் அன்றைக்கே தங்கள் படிகளைத் திறந்தார்கள். யாரும் சொல்லவில்லை. அவர் வெட்டியபிறகு யாராலும் வைத்திருக்க முடியவில்லை.

7

பிறகு நானும் அவரும் லில்லியைக் கூப்பிடக் கீழே இறங்கினோம். இத்தனை வருஷத்தில் அவர் அந்த வீட்டு வாசலில் ஏறியதில்லை. பாதையில் போகும்போது டிக்கிரி தலையாட்டுவான், இவரும் தலையாட்டுவார், அவ்வளவுதான். லில்லி உள்ளே கிழவியின் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள். அப்பாவின் கைகளைப் பார்த்தாள். கைநிறையச் சேறு.

பொடி மெனிக்கே எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. சிவப்பரிசிச் சோறு, பலாக்காய்க் கறி. அவர் தலைகுனிந்து சாப்பிட்டார். பாதியில், ஏதாவது பேசவேண்டுமே என்பதுபோல, “உங்க வயலுக்கு எங்கேருந்து தண்ணி?” என்று கேட்டார். லில்லி அதைச் சிங்களத்தில் கேட்டாள். மெனிக்கே கதவு வழியாக மேலே கையைக் காட்டினாள். தனக்குத் தெரிந்த தமிழில், ‘ஐயா’வுக்கு மட்டும் சிங்களமாக, மெதுவாகச் சொன்னாள்:

“அந்தக் கான்தான் மஹத்தயா. முந்தி எங்களுக்கு அதுல வரும். இப்பக் கொஞ்ச வருஷம் கோடையில வரல.”

அவர் கை சோற்றில் அப்படியே நின்றது.

“ஏன் வந்து சொல்லல?”

மெனிக்கே டிக்கிரியைப் பார்த்தாள். டிக்கிரி சிங்களத்தில் ஏதோ சொன்னான். லில்லி அதைச் சொல்லத் தயங்கினாள். நான் சொல்லச் சொன்னேன்.

“தோட்டத்து ஆளுங்களுக்கும் பசிதானே, அதான் பேசாம இருந்தோம்கிறாரு. அப்புறம், தோட்டத்துக்கிட்ட போய்ச் சொல்லி எங்க காலத்துல எது நடந்திருக்குங்கிறாரு.”

வெளியே மழை இன்னும் கனமாயிற்று. தேங்கியிருந்த தண்ணீரை விட்டுவிட்டோமே தவிர, ஊறிய மண் ஊறியதுதான். வெடிப்பு வெடிப்பாகவேதான் இருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்த என் கணவர் டிக்கிரியின் முன்னால் நின்றார். அவருக்குச் சிங்களம் வேலை வாங்கும் அளவுக்குத்தான் வரும். மரியாதைச் சொற்கள் வராது. கொஞ்சம் திணறிவிட்டு, மழை விடுகிற வரைக்கும் எல்லோரும் மேலே வந்து பள்ளிக்கூடத்தில் இருங்கள் என்று தமிழிலேயே சொன்னார். டிக்கிரி யோசித்தான். கிழவி வீட்டை விட்டு வரமாட்டேன் என்றாள். லில்லி அவளிடம் என்னவோ சொன்னாள். அது எனக்குப் புரியவில்லை. ஆனால் கிழவி எழுந்துவிட்டாள். என் கணவர் அவளைத் தோளில் தாங்கிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறினார்.

இதை எழுதும்போது அவர்கள் என் வகுப்பறையில் இருக்கிறார்கள். பெஞ்சுகளைச் சேர்த்துப் படுக்கை போட்டிருக்கிறோம். பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டு வராந்தாவில் பாடம் நடக்கிறது. லயத்திலிருந்து முறை வைத்துச் சாப்பாடு வருகிறது, கூப்பன் அரிசிதான். படிவயலில் இனி நெல் இல்லை. அங்கே மாட்டுப்புல் வைக்கலாம், புல் மண்ணைப் பிடிக்கும், எருவைக் கீழே வயலுக்குக் கொடுக்கலாம் என்று லில்லியும் டிக்கிரியும் பேசிக்கொள்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அது அரிசியாகாது. அடுத்த தடவை கூப்பனைக் குறைத்தால் லயத்துப் பிள்ளைகள் எதைச் சாப்பிடும்? அண்ணிக்கு இதற்குமேல் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

லில்லியை ஊருக்கு, உங்களிடம் அனுப்பிவிடலாமா என்று போன வருஷம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கேட்கவே பயமாக இருக்கிறது. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

மழை விடவில்லை. வெடிப்பு நேற்றைக்கு இருந்ததைவிட அகலமா, இல்லையா என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. காலையில் பெரட்டுக்குப் போகிற ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்குமுன் வழியில் நின்று கீழே எட்டிப் பார்க்கிறார்கள். மூக்காயி பால் செம்போடு நின்று பார்க்கிறாள். என் கணவரும் டிக்கிரியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள். பனி கொஞ்சம் விலகும். முதலில் பலாமரம் தெரியும், பிறகு ஓட்டுக்கூரை. வீடு நிற்கிறது. அதைப் பார்த்தபிறகுதான் அவரவர் வேலைக்குப் போகிறோம்.